அருளையா எடுக்காமல் விட்டவை

சிசிலியின் பகேரியாவிலிருந்து காலை எட்டேகாலுக்குப் புறப்படும் ரயிலில் திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் அருளையாவைப் பார்க்கலாம். ஐம்பத்தேழு வயது, ஒட்ட வெட்டிய நரை முடி, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்த பெரிய பிளாஸ்க். வேலைக்குப் போகிறவர்களும் மாணவர்களுமாக நெரிபடும் அந்தப் பெட்டியில் எல்லோரும் அதைக் காப்பி என்றே நினைத்திருந்தார்கள். ஒரு பனிக்காலத்தில் எதிரே இருந்த பெண் வெட்கப்படாமல் அரைக் கோப்பை கேட்டுவிட்டாள். "காப்பியில்லை சிஞ்ஞோரா, மருந்து" என்று சமாளித்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் பலேர்மோ வரைக்கும் பெட்டி முழுவதும் அவருக்கே கிடைத்திருக்கும். உள்ளே இளஞ்சூடான உப்பு நீரில் முப்பது பசுச் சூலகங்கள் மிதந்துகொண்டிருந்தன. சூலகம் என்றால் முட்டைகள் இருக்கும் பை, அவ்வளவுதான்.

இந்த வேலை அவருக்கு வந்து சேர்ந்த கதை பலேர்மோவில் இருக்கும் யாழ்ப்பாணத்தவருக்குப் புதிதல்ல. தொண்ணூற்றிரண்டில் வந்தார். மாடிப்படி கழுவினார், கோப்பை கழுவினார், பிறகு ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்ளப் போனார். பதினொரு வருடம் அந்த அம்மாவைக் குளிக்கவார்த்து, ஊட்டி, தள்ளு நாற்காலியில் வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கடைசியில் அவள் கண்ணையும் மூடிவிட்டார். அவளுடைய மகன் அந்த்ரேயா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். செத்தவீடு முடிந்த கிழமை அவர் அருளையாவைக் கூப்பிட்டு, "இனி என்னோடு வேலை செய்" என்றார். ஆய்வுகூடத்துக்கு மாடு வெட்டும் மடுவத்திலிருந்து சூலகம் கொண்டுவர நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டியிருந்தது. கோப்பரத்தீவா எனப்படும் தொழிலாளர் சங்கம் ஒன்றின் மூலமாகப் பத்திரம் எழுதினார்கள். ஒன்பது வருடமாயிற்று.

மாட்டிறைச்சியை வாயில் வைத்தறியாத மனிதருக்கு இது எப்படிப்பட்ட வேலை என்று சிலர் கேட்டதுண்டு. அருளையா அதையெல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்வதில்லை. "நான் வெட்டிறேல்லை. நான் தின்னிறேல்லை. வெட்டி எறியிறதைக் காவிக்கொண்டு வாறன்" என்பார். உள்ளுக்குள் இன்னொரு எண்ணமும் இருந்தது. செத்த மாட்டின் முட்டை ஆய்வுகூடத்துத் தட்டில் மறுநாள் உயிரோடு இருக்கிறதே, அதில் தன் கைக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வார். அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொன்னதில்லை.

மடுவம் பகேரியாவுக்கு அப்பால் இருந்தது. உள்ளுறுப்புகளைப் பிரிக்கும் மேசையில் நீனோ என்ற தடித்த சிசிலியன் நிற்பான். வயிற்றுப் பகுதி வழுக்கிக்கொண்டு வரும்போது கருப்பையைத் தனியே இழுத்து அருளையாவின் பக்கம் தள்ளுவான். அருளையா கத்தரிக்கோலால் இரண்டு பக்கத்துச் சூலகங்களையும் வெட்டி, இளஞ்சூட்டு உப்பு நீரில் அலசிப் பிளாஸ்கில் போடுவார். பதினைந்து மாடு, முப்பது சூலகம். முதல் நாளே அந்த்ரேயா தெளிவாகச் சொல்லியிருந்தார்: வந்த வரிசையில் எடு, நீயாகத் தெரிந்தெடுக்காதே. அருளையா தலையாட்டினார்.

தலையாட்டி நாலு நாள் ஆகவில்லை. நீனோ தள்ளிய ஒரு கருப்பை கனமாக இருந்தது. அவன் கத்தி நுனியால் கீறிப் பார்த்தபோது உள்ளே எலியளவில் ஒரு கன்று, கண்ணாடிப் பைக்குள் சுருண்டு படுத்திருந்தது. சந்தைக்கு ஏற்றிவிட்ட மாடு சினைப்பட்டிருப்பது சொந்தக்காரனுக்கே தெரியாமல் போவதுண்டு என்று நீனோ தோளைக் குலுக்கினான். அருளையாவின் கை போகவில்லை. செத்தது ஓர் உயிர் என்றால் தாங்கலாம், இது இரண்டு. அந்தக் கருப்பையை அப்படியே குப்பைத் தொட்டிப் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தார்.

அன்றைக்கு ஒன்று. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. இருபது மாடு வந்தால் நாலைந்து சினையாக இருக்கும், அவற்றை விட்டுவிடுவார். சில நாள்களில் எண்ணிக்கை நிரம்பச் சுணங்கும், எட்டேகால் ரயில் தவறி அடுத்ததில் வருவார். ஏன் பிந்தினாய் என்று ஆய்வுகூடத்தில் கேட்டால் பஸ் பிந்தியது என்பார். சிசிலியில் பஸ் பிந்தியது என்றால் யாரும் மேலே கேள்வி கேட்பதில்லை.

ஆய்வுகூடத்தில் பிளாஸ்கை வாங்கிக்கொள்பவள் நிவேதிதா. நாமக்கல்லில் மாட்டு வைத்தியம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கென்று வந்த பெண், முப்பது வயது. முதலில் இரண்டு பேருக்கும் ஒருவர் தமிழ் மற்றவருக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. அருளையா 'கதைக்கிறன்' என்றால் அவள் ஏதோ கதை சொல்லப்போகிறார் என்று உட்கார்ந்துவிடுவாள். இரண்டு வருடத்தில் பழகிவிட்டது. அவர் வந்ததும் பிளாஸ்க் மூடியில் உள்ள வெப்பமானியைப் பார்த்து, சுவரில் தொங்கும் கொப்பியில் எழுதுவாள். ஊசியால் சூலகக் குமிழ்களிலிருந்து முட்டைகளை உறிஞ்சி எடுப்பாள். ஒருநாள் முற்றவிட்டு, மறுநாள் காளையின் விந்தணுக்களோடு ஒரே துளியில் விடுவாள்.

ஒருமுறை அவரை இருட்டறைக்குள் கூப்பிட்டு உருப்பெருக்கியில் பார்க்கச் சொன்னாள். கறுப்புக்குள் ஒரு பச்சை வளையம், சுற்றிவர ஒரே அளவு வெளிச்சம்.

"இதுதான் அங்கிள் முட்டையோட மேல்தோல்ல இருக்கிற புரதம். பேரு ஜூனோ. உங்க இத்தாலிக்காரங்களோட பழைய கல்யாண தெய்வத்தோட பேரு. விந்தணுவோட தலைல இன்னொண்ணு இருக்கு, இசுமோ. அது ஜப்பான்ல கல்யாணத்துக்கு வேண்டிக்கிற கோயிலோட பேரு."

"ரெண்டும் எப்பிடிச் சந்திக்கிறது?"

"அதான் விஷயமே. விந்தணு எவ்வளவு வேகமா நீந்தி வந்தாலும், எத்தனை லட்சம் வந்தாலும், இதைப் பிடிச்சாத்தான் முட்டையோட ஒட்ட முடியும். ஒட்டினாத்தான் ரெண்டும் ஒண்ணாகும். இந்தப் புரதம் இல்லாத முட்டையைச் சுத்திச் சுத்தி வரும், உள்ள போகாது. ஒண்ணு போயிட்டா முட்டை அரை மணி முக்கால் மணிக்குள்ள இதை மொத்தமா உதிர்த்துடும். ரெண்டாவது ஆள் வந்தா பிடிக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

"பொம்பிளை வீட்டுக்காரர் கதவைச் சாத்திப்போடுவினம் எண்டு சொல்லும்."

"சாத்தறது மட்டும் இல்ல அங்கிள், கைப்பிடியையே கழட்டிடுவாங்க."

அருளையாவுக்கு அது பிடித்துவிட்டது. அல்பெர்கேரியாவில் தன் வீட்டுப் படியேறும்போதும் அதை நினைத்துச் சிரித்தார். மனைவி யோசப்பினிடம் சொன்னார். அவள் இரண்டு வீடுகளில் சமைத்துக் களைத்து வந்தவள், "இந்த ஆராய்ச்சிக்கே படிப்பிச்சு அனுப்பினவை?" என்று கேட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்தாள்.

நிவேதிதாவுக்கு அது சிரிப்பு விஷயமல்ல. ஜூனோவை மறைத்துவிட்டால் எத்தனை விந்தணு ஒட்டும், மறைக்காவிட்டால் எத்தனை ஒட்டும் என்பதை மாட்டு முட்டையில் எண்ணிக் காட்டி ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். அதை இன்னொருமுறை செய்துகாட்டு என்று சஞ்சிகையிலிருந்து கேட்டிருந்தார்கள். ஜூலை முடிவில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. கட்டுரை வெளிவந்தால் அடுத்த வேலை, வராவிட்டால் நாமக்கல்.

அந்த நேரம் பார்த்து அருளையாவுக்குக் குடலிறக்கம். மார்ச் மாதம் வெட்டித் தைத்தார்கள். ஆறு கிழமைக்கு ஒன்றும் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். தன் இடத்துக்கு அருளையா சிநேகிதன் இராஜதுரையைப் பிடித்துக் கொடுத்தார். இருபது வருடப் பழக்கம், கபோ சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவன். அதே கோப்பரத்தீவாவில் பெயர் இருந்ததால் சிரமமில்லை. பிளாஸ்கை முதலே வெந்நீர் விட்டுச் சூடாக்குவது, உப்பு நீர் கலப்பது, ரயில் நேரம் எல்லாவற்றையும் அருளையா சொல்லிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போது இராஜதுரை போன் எடுத்தான். பின்னால் சங்கிலிச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன.

"அண்ணை, இஞ்சை வாறதெல்லாத்தையும் எடுக்கவோ, இல்லாட்டிப் பாத்து எடுக்கவோ?"

அருளையா குரலைத் தணித்துக்கொண்டார். பக்கத்தில் யோசப்பின் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஏன் கேக்கிறாய்?" என்றார்.

"சும்மாதான் கேட்டன்."

சொல்லியிருக்கலாம். இரண்டு வசனம் போதும். ஆனால் சொன்னால் அது இராஜதுரையோடு நிற்காது, வாய் விட்ட கதை நாலு கிழமையில் ஆய்வுகூடத்துக்கு வந்துவிடும். ஒன்பது வருடமாகத் தெரிந்தெடுத்துக்கொண்டுதான் வந்தாயா என்று அந்த்ரேயா கேட்பார். அதுதான் உண்மையான காரணம், அதை அருளையா தனக்கே ஒளித்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் எடு" என்றார். "வந்த வரிசையிலை எடு. அதுதான் முறை."

"ஓம் அண்ணை" என்று போனை வைத்தான்.

பார்க்கப்போனால் அவர் சொன்னது பிழையே இல்லை. பேராசிரியர் சொன்னதைத்தான் அவரும் சொன்னார், சொல்லுக்குச் சொல். அதனால்தான் அது அவருக்கு வசதியாக இருந்தது.

இரண்டாவது கிழமையிலேயே நிவேதிதாவின் எண்ணிக்கை ஆடத் தொடங்கியது. ஒன்றும் செய்யாமல் ஒப்புப்பார்க்க வைத்த முட்டைகளில் வளையம் எல்லாவற்றிலும் ஒரே பிரகாசமாக வரவேண்டும். கால்வாசி மங்கலாக வந்தன. அவற்றில் விந்தணு ஒட்டுவதும் குறைவு. மருந்தை மாற்றினாள், விளக்கை மாற்றினாள், காளையை மாற்றினாள். மங்கல் போகவில்லை. மாற்றாமல் மிச்சமிருந்தது சூலகம் கொண்டுவருகிறவன் ஒருவன்தான்.

சுவரில் தொங்கிய கொப்பியைப் புரட்டினார்கள். இரண்டு நாள் வெப்பநிலை எழுதப்படாமல் வெறுமையாகக் கிடந்தது. அந்த இரண்டு நாளும் நிவேதிதா வேறு அறையில் இருந்தாள், எழுத வேண்டும் என்று இராஜதுரைக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் வெறும் கட்டம் வெறும் கட்டம்தானே. வழியில் சூடு இறங்கவிட்டிருக்கிறான், நின்று யாரோடோ கதைத்திருக்கிறான் என்று முடிவாயிற்று. பேராசிரியர் கோப்பரத்தீவாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆறாவது கிழமை முடிந்த கையோடு இராஜதுரையை மாற்றாள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், அவனுக்கென்று இருந்த மாடிப்படி கழுவும் வேலையையும் சேர்த்து. பல்லாறோ சந்தையில் தமிழ்க்கடை வாசலில் நின்றவர்கள், "ஒரு பிளாஸ்க் காவத் தெரியாதவன்" என்று சிரித்தார்கள். நம்மவர்களுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் போதும், ஆறு மாதத்துக்கு வேறு கதை வேண்டாம்.

அருளையா திரும்பி வந்தார். பழையபடி விட்டுவிட்டு எடுத்தார். வந்த முதல் கிழமையே வளையங்கள் பளிச்சென்று வந்தன.

"உங்க கைராசி அங்கிள்!" என்று நிவேதிதா துள்ளினாள். அந்த்ரேயா தோளில் தட்டி, அம்மா உயிரோடு இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்றார். அருளையா சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பைச் சிரித்து முடிக்கப் பெரும்பாடாகிவிட்டது. அவருக்கு ஓர் எழுத்து விஞ்ஞானம் தெரியாது, ஆனால் தான் எடுப்பதற்கும் இராஜதுரை எடுத்ததற்கும் வித்தியாசம் எங்கே என்று பலேர்மோவில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அடுத்த சில நாள் சாப்பாடு இறங்கவில்லை. தையல் நோகிறது என்று யோசப்பினிடம் சொன்னார். அவள் தையலைப் பார்த்தாள். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

"உங்களுக்கு நோகிறது வேற இடம்" என்றாள். "என்னட்டைச் சொல்லாட்டிப் பறவாயில்லை. சொல்லவேண்டிய இடத்திலை சொல்லுங்கோ."

ஒரு புதன்கிழமை நிவேதிதா மடிக்கணினியோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், அந்த ஆறு வாரக் கணக்கைக் கட்டுரையிலிருந்து தூக்கப்போறோம். ஏன் தூக்கினோம்னு ஒரு வரி எழுதணும். பிளாஸ்க்கை முன்கூட்டியே சூடு பண்ணாததால ஓவரி குளிர்ந்துபோச்சுன்னு எழுதட்டுமா? அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கதானே. நீங்க ஆமான்னு சொன்னாப் போதும்."

ஒரு 'ஓம்' போதும். ஓம் என்றால் அவள் கட்டுரை போகும், அவள் இங்கே இருப்பாள், இவர் கைராசிக்காரராகவே இருக்கலாம். பிளாஸ்க் காவத் தெரியாதவன் என்று ஊர்வாயில் இருந்தது இனி அச்சிலும் ஏறும், இராஜதுரைக்கு அது தெரியக்கூட வராது. அருளையா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைப் பிள்ளை" என்றார். "அவன் சூடாக்கித்தான் கொண்டு வந்தவன். பிழை அவனிலை இல்லை."

"பின்ன?"

"நான் சினை மாட்டிலை எடுக்கிறேல்லை."

"என்ன அங்கிள் சொல்றீங்க?"

"வயித்திலை கண்டு இருக்கிற மாட்டிலை நான் கைவைக்கிறேல்லை. அதுகளை விட்டிட்டு மற்றதுகளைத்தான் எடுக்கிறனான். துரை எல்லாத்திலையும் எடுத்தவன். நான்தான் எடுக்கச் சொன்னன்."

"எவ்வளவு நாளா?"

"துவக்கத்திலை இருந்து. ஒன்பது வருசம்."

நிவேதிதா மடிக்கணினியை மூடினாள். கோபப்படுவாள் என்று பார்த்தார். அவள் மாட்டு வைத்தியராகக் கேள்வி கேட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை? எத்தனை மாதக் கன்று? உறுதியாகத் தெரியுமா? அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சூலகத்தை மட்டும் பார்த்து மாடு சினையா இல்லையா என்று அவளால் பிரிக்க முடியாது, கருப்பையைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான் தெரியும். இருபதில் நாலைந்து என்றதும் அவள் ஏதோ கணக்குப் போட்டாள். "கால்வாசி" என்று மெல்லச் சொன்னாள். பிறகுதான் கோபம் வந்தது.

"ஒரு மாசத்துக்கு மேல நான் தூங்கலை அங்கிள். மருந்துல தப்பா, என் கையில தப்பான்னு அழுதுட்டு இருந்தேன். திரும்பி வந்த பிறகும் இந்த வழியாத்தான் நீங்க போனீங்க, வந்தீங்க, ஒரு வார்த்தை சொல்லலை."

"ஓம்" என்றார் அருளையா. அந்த 'ஓம்' சொல்லத்தான் வேண்டியிருந்தது.

அந்த்ரேயாவின் அறையில் இன்னும் மோசம். அவர் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. ஏழு கட்டுரை, ஏழிலும் 'தெரிந்தெடுக்காமல் சேகரிக்கப்பட்டவை' என்று தன் கையெழுத்தோடு போயிருக்கிறது என்றார். "என் அம்மாவின் மருந்தில் ஒரு துளி நீ தவறவிட்டதில்லை. நான் சொன்னது கஷ்டமாக இருந்தால் என்னிடம் வந்து கஷ்டம் என்று சொல்லியிருக்கலாமே, அருளையா" என்றார். சூலகம் எடுத்தாரா விட்டாரா என்பதை விட அதுதான் அவருக்கு நோவு. அருளையாவுக்கும் அங்கேதான் சுட்டது.

கடைசியில் பேராசிரியரே வழி சொன்னார். மூன்று கிழமைக்கு இரண்டு பிளாஸ்க். ஒன்றில் சினையில்லாத மாட்டினது, மற்றதில் சினை மாட்டினது. எது எது என்று தெரியாதபடி நிவேதிதா எண்ணட்டும். மங்கல் எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். "இரண்டாவது பிளாஸ்கை நீ தொட வேண்டாம். அந்த மற்ற ஆளைக் கூப்பிடு. என் மன்னிப்பையும் சொல்லிக் கூப்பிடு, கோப்பரத்தீவாவுக்கு நான் எழுதுகிறேன்."

அருளையாவுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டார் என்றே சொல்லவேண்டும். உண்மையைச் சொல்லியாயிற்று, சிநேகிதனின் பெயர் வெளுக்கப்போகிறது, தன் கையும் பழையபடி சுத்தமாகவே இருக்கும். அந்தச் சூட்டோடு நேரே கபோவுக்கு நடந்தார்.

மத்தியானம், கடைகள் கழுவி மூடும் நேரம். இராஜதுரை வெறும் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கண்டதும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "இருங்கோ அண்ணை, வெட்டின இடம் நோகும்" என்றான். அருளையா இருந்தார். எல்லாவற்றையும் சொன்னார்: தான் விட்டுவந்தது, வளையம் மங்கியது, வெறும் கட்டம், கடிதம், இன்று தான் ஒப்புக்கொண்டது, பேராசிரியர் கேட்ட மன்னிப்பு. பிறகு, "மூண்டு கிழமைக்கு நீ வாவன் துரை. நான் மற்றதை எடுக்கிறன். அந்த மாடுகளை நீ எடு" என்றார்.

இராஜதுரை கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான்.

"அண்ணை, முதல் நாள் நான் உங்களுக்குப் போன் எடுத்தனான். ஞாபகமோ?"

"ஓம்."

"எல்லாத்தையும் எடுக்கவோ எண்டு கேட்டனான். கேக்கேக்கை எனக்கு முன்னாலை மேசையிலை என்ன கிடந்தது தெரியுமோ? நாலு காலும் மடிச்சபடி ஒரு கண்டு. மயிர்கூட முளைக்கேல்லை. இதை எப்பிடியடா தொடுறது எண்டுதான் உங்களைக் கேட்டனான். நீங்கள் எடு எண்டு சொன்னியள். அருளையா அண்ணை ஒன்பது வருசமாச் செய்யிறார், எனக்கென்ன பெரிய மனசு வேண்டிக்கிடக்கு எண்டு போட்டு எடுத்தன். ஒவ்வொரு நாளும் வீட்டை போய்த் தலை தோய்ஞ்சிட்டுத்தான் சாப்பாட்டிலை கைவைச்சனான்."

இராஜதுரை கீழே வைத்த பெட்டியைத் திரும்ப எடுத்தான்.

"வேலை போனது போகட்டும், இஞ்சை எனக்கு வேலை கிடக்கு. சனம் சிரிச்சது சிரிச்சிட்டுப் போகட்டும். உங்களுக்கு ஏலாததை என்னைச் செய்ய விட்டியளே அண்ணை. ஒரு சொல் சொல்லியிருந்தா நானும் விட்டிருப்பனே."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். அவன் கோபப்படவில்லை, கேட்டான், அவ்வளவுதான். அருளையா எழும்பினார். மன்னிச்சுக்கொள் என்று சொன்னார், அது போதாது என்று சொல்லும்போதே தெரிந்தது. "நீ வரவேண்டாம் துரை. ரெண்டையும் நான் எடுக்கிறன்" என்றார். இராஜதுரை பெட்டிகளைத் தொடர்ந்து அடுக்கினான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மூன்று கிழமையில் நிவேதிதா எண்ணி முடித்தாள். மங்கிய வளையங்களில் பெரும்பாலானவை இரண்டாவது பிளாஸ்கிலிருந்து வந்தவை. இதை ஒரு கண்டுபிடிப்பு என்று அவள் சொல்லவில்லை, வேறு மடுவங்களிலும் பார்க்கவேண்டும் என்றே எழுதினாள். கட்டுரை இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போயிற்று. அதுவரை அவளைத் தன் செலவில் வைத்திருக்க அந்த்ரேயா ஒரு வழி பண்ணினார். ஏழு பழைய கட்டுரைகளுக்கும் திருத்தக் குறிப்பு அனுப்பினார், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சோடு. கோப்பரத்தீவாவுக்குப் போன இரண்டாவது கடிதத்தின் பிரதியை நிவேதிதா தானே கொண்டுபோய் இராஜதுரையின் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். அருளையா ஒருவரிடமும் பாராட்டு வாங்கவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை.

சொல்லவேண்டியது அந்த முதல் திங்கட்கிழமையைத்தான். மடுவத்தில் வழக்கம்போல எல்லாம் ஈரமாக இருந்தது. அருளையா மேசையடியில் இரண்டு பிளாஸ்குகளை வைத்தார். ஒன்றில் நீலப் பட்டி சுற்றியிருந்தது. மூன்று மாடுகள் சினையில்லாதவை, அவற்றை எடுத்தார். நாலாவது கருப்பை கனத்து வழுக்கிக்கொண்டு வந்தது. நீனோ கத்தி நுனியால் கீறிப் பார்த்தான். ஒன்பது வருடப் பழக்கத்தில், ஒன்றும் கேட்காமல், அதைக் குப்பைத் தொட்டிப் பக்கம் தள்ளினான்.

"நில் நீனோ" என்றார் அருளையா.

நீனோ நிமிர்ந்து பார்த்தான். "இதுவுமா?" என்று இத்தாலியனில் கேட்டான்.

"இதுவும்."

நீனோ அதை இழுத்து அவர் முன்னால் வைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டான். கன்று உள்ளங்கையளவு இருந்தது. குளம்புகள் வெள்ளையாக, இன்னும் இறுகாமல் இருந்தன. அருளையா கத்தரிக்கோலைப் போட்டார். சூலகம் கைக்குள் வந்தது. கூடுதலாகச் சுடும், கூடுதலாகக் கனக்கும் என்றெல்லாம் ஒன்பது வருடமாக நினைத்து வைத்திருந்தார். மற்றவற்றைப் போலத்தான் இருந்தது. அவருக்கு அழுகை வந்தது, துடைக்கக் கை சும்மா இல்லாததால் அப்படியே விட்டார்.

ஆறு கிழமை, கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு மூன்று நாலு. கணக்கு தானாகவே மனதுக்குள் ஓடியது. துரை இந்த மேசையில் அறுபது தடவைக்குமேல் இதைச் செய்திருக்கிறான். அருளையாவுக்கு இது முதலாவது.